கொழுந்துக் கொப்பி மாதிரி ஒரு கொப்பி

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் என் அம்மா, தினமும் நிறுத்த கிலோவை ஒரு சின்னக் கொப்பியில் குறித்து வைப்பார். சம்பளச் சீட்டில் குறைந்தால் கணக்கப்பிள்ளை முன்னால் அதை விரித்துக் காட்டுவார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் எனக்கு மாதவிடாய் தாறுமாறானபோது அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. "கடைசியாக எப்போ வந்தது?" என்று டாக்டர் கேட்டார். "வருசப் பிறப்புப் பக்கம்" என்றேன், அதுவும் அரைகுறைச் சிங்களத்தில். தேதியோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால் முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ரத்தம் படும் முதல் நாள்தான் ஒன்றாம் நாள். விடுதியில் பலர் ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அது பிழை. என் கொப்பியில் மார்ச் 3, அடுத்தது ஏப்ரல் 14. 42 நாள். அதற்கடுத்தது ஜூன் 20. 67 நாள்! 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் பயமில்லை. ஒரு மாதம் 27, மறு மாதம் 31 என்று ஆடினாலும் பரவாயில்லை.

தேதிக்குப் பக்கத்தில் எத்தனை நாள் போனது, ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி விழுந்ததா என்று எழுதுங்கள். அந்த மாதம் நடந்ததையும் எழுதுங்கள்: பரீட்சை, சாப்பிடாத இரவுகள், எடை. நான் இரவுச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடித்து ஏழு கிலோ இறங்கியிருந்தேன். சாப்பாடு குறைந்து மன அழுத்தமும் சேர்ந்தால், மூளை சூலகத்துக்கு அனுப்பும் சமிக்ஞை குறைந்துவிடும். தேர்த் திருவிழாவுக்காகத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும் ரத்தத்தை இயல்பான சுற்றாக எண்ணினால் கணக்கே குழம்பும்.

மூன்று மாதம் வராவிட்டால், ஏழு நாளுக்கு மேல் போனால், ஒன்றிரண்டு மணிக்கொரு பேட் நனைந்தால், இடையில் ரத்தம் பட்டால் காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழக சுகாதார நிலையத்துக்குப் போங்கள். லீவில் வீட்டிலிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம், காசில்லை. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யலாம். கோபப்படாதீர்கள், அது வழக்கமான நடைமுறை. பிறகு தைரொயிட், ப்ரோலக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனைகள். முகத்தில் முடி, அடங்காத பரு, ஏறும் எடை இருந்தால் பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் குழம்பி சூலகத்தின் வேலை தடுமாறும் நிலை) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேன் பெரும்பாலும் வயிற்றின் மேலேதான். தண்ணீர் குடித்து சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டும், வரிசை நீளும்போது அதில்தான் உயிர் போகும்.

வீட்டில் எள்ளுருண்டை தருவார்கள். சாப்பிடுங்கள், ருசியானது. அதை மருந்தென்று நம்பி மூன்று மாதம் ஓட்டிவிடாதீர்கள்.

அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கலாம். பிளேன்டீயை மட்டும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது. கொழுந்து மலையில் பிறந்த எனக்கு, மொத்த வைத்தியத்திலும் கஷ்டமாயிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.