டூயா சாதனங்களை ஹோம் அசிஸ்டண்டுடன் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை குறைந்த வைஃபை பிளக், பல்பு, சுவிட்சு ஆகியவற்றின் பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், அவற்றில் பலவற்றின் உள்ளே இயங்குவது சீனாவின் ஹாங்சோ நகரைச் சேர்ந்த டூயா நிறுவனத்தின் தளமே. இவற்றை, பல நிறுவனங்களின் வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்க உதவும் திறந்த மூல மென்பொருளான ஹோம் அசிஸ்டண்டுக்குள் கொண்டுவர முயல்வோர் செய்யும் முதல் தவறு, நாம் இடும் கட்டளை எந்த வழியாகச் சாதனத்தைச் சென்றடைகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதாகும்.

ஹோம் அசிஸ்டண்டிலேயே உள்ள டூயா இணைப்பு மேகக் கணினி வழியாகவே, அதாவது இணையத்தில் உள்ள டூயாவின் சர்வர்கள் வழியாகவே வேலை செய்கிறது. 2024.2 வெளியீட்டிலிருந்து டெவலப்பர் கணக்கு எதுவும் தேவையில்லை, கைப்பேசியில் உள்ள டூயா ஆப்பில் ஒரு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலே போதும் என்று ஆகிவிட்டதால், எல்லாம் நம் வீட்டுக்குள்ளேயே நடப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் வரவேற்பறை விளக்கை அணைக்கும் கட்டளை டூயாவின் சர்வர் வரை போய்த்தான் திரும்பி வருகிறது. இணையம் நின்றால் அதுவும் நின்றுவிடும். நிறுவனம் மனம் மாறினாலும் இதே கதிதான். அமெரிக்காவில் சேம்பர்லைன் நிறுவனம் தன் மைக்யூ கேரேஜ் கதவுகளை வெளி மென்பொருள்கள் அணுகுவதை 2023-இல் தடுத்தபோது, வேறு வழியின்றி ஹோம் அசிஸ்டண்ட் 2023.12 வெளியீட்டில் அந்த இணைப்பையே நீக்கியது.

இதை உணர்ந்தவர்கள் லோக்கல்டூயா போன்ற, வீட்டு வைஃபைக்குள்ளேயே சாதனத்துடன் பேசும் உள்ளூர் இணைப்புகளை நாடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் நடப்பதும் இங்கேதான். ஒவ்வொரு சாதனத்துக்கும் 16 எழுத்துகள் கொண்ட லோக்கல் கீ, அதாவது உள்ளூரில் அதனுடன் பேசத் தேவையான ரகசியச் சாவி ஒன்று உண்டு. அதை டூயாவின் டெவலப்பர் தளத்திலிருந்து எடுக்கும்போது, ஆப் கணக்கு எந்தப் பிராந்தியத்தில் பதிவானதோ அதே பிராந்தியத்தின் டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சாதனப் பட்டியல் காலியாகவே தெரியும். அத்தளத்தின் இலவசச் சோதனைக்காலம் முடிவதற்குள் எல்லாச் சாவிகளையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் காலம் முடிந்தாலும் ஏற்கெனவே எடுத்த சாவி செல்லும். ஆனால் சாதனத்தை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால் சாவி மாறிவிடும் என்பதைப் பலர் பட்ட பிறகே அறிகிறார்கள். ரூட்டரை மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் புதியதிலும் அப்படியே வைத்தால், சாதனங்கள் தாமாகவே வந்து இணையும். இருபது பிளக்குகளை ஒவ்வொன்றாக ரீசெட் செய்யும் ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும்.

சாவி சரியாக இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால், மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, ரூட்டரில் அந்தச் சாதனத்துக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது. மற்றொன்று, அதே வைஃபையில் உள்ள கைப்பேசியில் ஆப் திறந்திருக்கிறதா என்பது. பல சாதனங்கள் ஒரு நேரத்தில் ஒரேயொரு உள்ளூர் இணைப்பையே ஏற்பதால், ஆப் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஹோம் அசிஸ்டண்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான். மின்சாரத்தை அளக்கும் பிளக்குகளில் மின்னழுத்தம் 2302 என்று காட்டினால் பதற வேண்டாம். பல மாதிரிகள் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணை அனுப்புவதால், அளவுக் காரணியை 0.1 என்று கொடுத்தால் 230.2 வோல்ட் என்று சரியாகிவிடும்.

பேட்டரியில் இயங்கும் வைஃபை கதவு சென்சாரை உள்ளூரில் இணைக்க மெனக்கெடுவது வீண் வேலை. அது எப்போதும் உறங்கிக்கொண்டிருந்து, கதவு திறக்கும் கணத்தில் மட்டும் விழித்து, சர்வருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். அந்த இடத்துக்கு, வைஃபைக்குப் பதிலாகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லா முறையான ஜிக்பீ வகை சென்சாரே ஏற்றது. ஜிக்பீ அலைகளைப் பெறும் ஒரு யூஎஸ்பி டாங்கிளும், அச்சாதனங்களை ஹோம் அசிஸ்டண்டுடன் இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளும் இருந்தால் லோக்கல் கீ என்ற பேச்சே எழாது. டாங்கிளை மட்டும் கணினியின் யூஎஸ்பி 3.0 துளையில் நேரடியாகச் செருகாமல், நீட்டிப்புக் கேபிள் வழியாகச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும், ஏனெனில் யூஎஸ்பி 3.0 எழுப்பும் மின்காந்த இரைச்சல் ஜிக்பீயின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும்.

ஆப்பில் முன்பு அமைத்த தானியங்கி விதிகளை அழிக்காமல் ஹோம் அசிஸ்டண்டிலும் அதே விதிகளை எழுதுவது இன்னொரு தவறு. மாலையில் ஒன்று விளக்கைப் போட மற்றொன்று அணைக்கும். காரணம் தேடியே இரவு கழிந்துவிடும்.

மேகத்தை அடியோடு விட்டுவிட விரும்பி, சாதனத்துக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையே மாற்றத் துணிபவர்கள் முதலில் உள்ளே இருக்கும் சில்லைப் பார்க்க வேண்டும். பழைய டூயா சாதனங்களில் இருந்த இஎஸ்பி8266-க்குப் பதிலாகப் புதியவற்றில் பீக்கன் நிறுவனத்தின் சில்லுகளே அதிகம் வருவதால், இஎஸ்பி சில்லுகளுக்கான மாற்று ஃபர்ம்வேரான டாஸ்மோட்டாவை நம்பி வாங்கியவர்கள் ஓபன்பீக்கன் போன்ற மாற்றுகளைத் தேட நேர்கிறது. புதிய ஃபர்ம்வேரை ஏற்றுவதற்காகப் பிளக்கைத் திறந்து, கணினியிலிருந்து சீரியல் கம்பிகளை இணைப்பதாக இருந்தால், அது சுவரிலுள்ள மின்சாரத்திலிருந்து முழுவதுமாகக் கழற்றப்பட்டிருக்க வேண்டும்; இத்தகைய பலகைகள் பலவற்றில் 3.3 வோல்ட் பகுதி 230 வோல்ட்டிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டிருப்பதில்லை என்பதால், தவறினால் கணினி கருகுவதோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து நேரலாம்.