பேட்டரி சைக்கிளில் மலைக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் தேவையில்லை என்றால் எந்தப் பாதையிலும் ஓட்டலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக, பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அது ஆர்.டி.ஓ. ஆபீஸோடு முடிகிற விஷயம். மலையிலும் காட்டிலும் விடலாமா என்பதை அந்த நிலம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழக்குயில்குடி சமணர் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சமணச் சிற்பங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள், வண்டி நிறுத்த ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் வாகனம் கொண்டுவரக் கூடாது என்பது 1959-ஆம் ஆண்டு விதி. மோட்டாரை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனாலும் வண்டி வண்டிதான். அடிவாரத்தில் அய்யனார் கோவில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். ஆயிரம் ஆண்டைத் தாண்டிய பாறைக்கு அந்த மரியாதையாவது செய்யத்தான் வேண்டும்.

அழகர்கோவிலில் வேறு மாதிரிக் குழப்பம். பழமுதிர்சோலைக்குத் தார்ச்சாலையில் வண்டிகள் போகின்றன. அதனால் பக்கத்தில் பிரியும் ஒற்றையடிப் பாதைகளிலும் போகலாம் என்று இறங்கிவிடுகிறார்கள். சுற்றிலும் வனத்துறையின் பொறுப்பில் உள்ள காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களில் 23 பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கே தமிழக அரசு தனி விதிகள் போட்டது. நடக்கத் தந்த அனுமதியைச் சைக்கிளுக்கும் சேர்த்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சாப்டூர்ப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். 2021 முதல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

அப்புறம், இணையத்தில் வரும் 'கிளாஸ் 1, 2, 3' என்ற பேட்டரி சைக்கிள் வகைகள் எல்லாம் அமெரிக்கக் கணக்கு. அங்கே 750 வாட் வரைக்கும் சைக்கிள்தான். அதே 750 வாட் வண்டி இங்கே மோட்டார் வாகனம்: பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும்.

அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஊர்ச்சாலையில் தாராளமாகப் போகலாம். மழைக்குப் பின் கண்மாய்க் கரைமேல் மட்டும் ஏறாதீர்கள். மோட்டார் பூட்டிய பின்சக்கரம் ஈர மண்ணில் சுழன்றால் கரை பறிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் கிளம்புமுன் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கேட்கும்போது 'பேட்டரி சைக்கிள்' என்றே சொல்லுங்கள். வெறும் சைக்கிள் என்றால் மிதிவண்டிக்கான பதில்தான் கிடைக்கும்.