படிக்கிணறு அஞ்சல்தலைகளை ஆல்பத்தில் அடுக்கும் முறை

இந்தியாவின் படிக்கிணறுகளைச் சிறப்பித்து 16 அஞ்சல்தலைகள் கொண்ட தொகுப்பொன்றை அஞ்சல் துறை 2017 டிசம்பர் 29 அன்று வெளியிட்டது. இதை வாங்குபவர் பலரும் விலை வரிசையிலோ மாநில வரிசையிலோ அடுக்கி வைக்கிறார்கள். கிணற்றின் அமைப்பை வைத்து அடுக்குவதே சிறந்தது என்பேன்; நீரை நோக்கி மனிதர் இறங்கிய வழி அப்போதுதான் பக்கத்தில் தெளிவாகப் புலப்படும்.

தரமான உருப்பெருக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, படிகள் எத்தனை பக்கம் இறங்குகின்றன என்பதை முதலில் பாருங்கள். குஜராத்தின் பாட்டனில் 11ஆம் நூற்றாண்டில் அரசி உதயமதி, கணவர் முதலாம் பீமதேவரின் நினைவாக எழுப்பியதாகக் கருதப்படும் ராணி கீ வாவ், ஒரே திசையில் நீளமாக இறங்கும் வகையைச் சேர்ந்தது. ஏழு நிலைகளைக் கடந்து மேற்குக் கோடியில் உள்ள கிணற்றை அடையும் இது, வெள்ளம் கொணர்ந்த வண்டலில் நெடுங்காலம் புதைந்திருந்ததால்தான் இதன் சிற்பங்கள் இவ்வளவு நன்றாக எஞ்சியிருக்கின்றன. 2014இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அகமதாபாத்துக்கு அருகிலுள்ள அடாலஜ் கிணற்றையும் இதன் பக்கத்திலேயே வையுங்கள். மூன்று வாயில்களிலிருந்து வரும் படிகள் முதல் தளத்தில் ஒன்றுகூடுவதைக் குறிப்பில் எழுதத் தவறாதீர்கள்.

ராஜஸ்தானின் ஆபானேரியில் உள்ள சாந்த் பாவடி வேறு வகை. மூன்று பக்கங்களிலும் ஏறக்குறைய 3,500 குறுகிய படிகள் இறங்க, நான்காம் பக்கத்தில் மண்டபங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மழைக்காலத்தில் நீர் உயர உயரக் கீழ்ப்படிகள் மூழ்கும். கோடையில் நீர் இறங்கும்போது மக்களும் கூடவே இறங்கலாம். குஜராத்தின் மோதேரா சூரியன் கோவில் குளமான சூரிய குண்டத்திலும் படிகள் பல பக்கங்களில் இறங்குவதால், அதை இதற்கு அடுத்து வைக்கலாம்.

ஒட்டும் வேலையில் அவசரம் கூடாது. அஞ்சல்தலையை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். பசையுள்ள புதிய தலைகளுக்கு ஹிஞ்ச் தாள் (தலையின் பின்புறம் ஒட்டி ஆல்பத்தில் பொருத்தும் சிறு பசைத்தாள்) வேண்டாம். தலையைச் செருகி வைக்கும், ஒளி ஊடுருவும் மவுண்ட் உறையே ஏற்றது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஆல்பத்தைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாமல், நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அருகில் போட்டு, அது ஈரம் உறிஞ்சியதும் மாற்றிவிடுங்கள்.