எத்தியோப்பியப் பந்தியில் அமரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தியோப்பியாவுக்கு வேலைக்குச் செல்லும் தமிழர்கள் பெரும்பாலும் அந்நாட்டு உணவைப் பற்றி இரண்டிலொரு முடிவோடுதான் புறப்படுகிறார்கள். 1983 முதல் 1985 வரை நீடித்த பஞ்சத்தின் படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு, அங்கே உண்ண என்ன இருந்துவிடப் போகிறது என்று பெட்டி நிறைய ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக்கொள்பவர்கள் ஒரு சாரார். இஞ்செரா என்பது நம் தோசைதானே என்று ஆறுதல் கொள்பவர்கள் மற்றொரு சாரார். அடிஸ் அபாபாவில் ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் இரு சாராரையும் பார்த்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதையும், அன்போடு அழைத்த வீட்டார் அதனால் மனம் வருந்துவதையும் கண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தோசை என்ற ஒப்பீட்டிலிருந்தே தொடங்கலாம். தோசைக்கு அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைக்கிறோம். ஓரிரவில் மாவு பொங்கிவிடுகிறது. இஞ்செராவுக்கு உரிய தானியம் தெஃப். ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரும்பாலும் தேறாத, கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தோடிவிடும் சிறுதானியம் அது. அதன் மாவைத் தண்ணீரில் கரைத்து, முந்தைய மாவின் மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நிற நீரான எர்ஷோவை ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். பிறகு அந்த மாவிலேயே ஒரு பகுதியை எடுத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, மீண்டும் மாவோடு சேர்க்கிறார்கள். அப்சித் எனப்படும் இந்தக் கூழ்தான் இஞ்செராவுக்கு மென்மையைத் தருகிறது; கன்னியாகுமரிப் பக்கம் ஆப்ப மாவுக்குக் கப்பி காய்ச்சுபவர்களுக்கு இது உடனே புரியும். ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் ஆப்பத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம், ஏனெனில் இஞ்செராவும் மூடிபோட்டு ஒரு பக்கம் மட்டுமே வேகவைக்கப்படுவது. மிதாத் என்னும் அகன்ற மண்கல்லில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுழற்றி மாவை ஊற்றியதும், மேற்பரப்பெங்கும் சிறு துளைகள் திறக்கின்றன. அவற்றைக் கண்கள் என்றே அம்ஹாரிக் மொழியில் சொல்கிறார்கள். திருப்பிப் போட்டால் அந்தக் கண்கள் மூடிக்கொள்ளும். குழம்பு ஊறுவதற்கு இடமிருக்காது. ஆகவே வீட்டில் செய்து பார்ப்பவர்கள் கல்லில் எண்ணெய் ஊற்றுவது, திருப்பிப் போடுவது, அவசரத்துக்கு ஈஸ்ட்டோ ஆப்பசோடாவோ கலப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். புளிப்பு ஒத்துவரவில்லை என்று முதல் கவளத்திலேயே ஒதுக்கிவிடுவதும் சரியன்று. பெர்பெரே என்னும் மிளகாய் மசாலாவின் காரத்தைத் தாங்கிக்கொள்ள அந்தப் புளிப்புதான் துணை.

இஞ்செராதான் எத்தியோப்பியர் அனைவரின் அன்றாட உணவு என்று எண்ணுவதும் பிழையே. 80-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாடு அது. தெற்கே குராகே, சிடாமா மக்களின் வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களைப் பார்த்து வாழைத்தோப்பு என்று நினைத்துவிடுவோம், அது என்செத். வாழையின் உறவுத் தாவரமாயினும் அதன் பழத்தை யாரும் உண்பதில்லை. அடித்தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் புதைத்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ புளிக்கவைத்து, அதிலிருந்து கொச்சோ என்னும் ரொட்டியைச் சுடுகிறார்கள். மழை பொய்த்த காலத்திலும் வெட்டிக்கொள்ளலாம் என்பதால் பஞ்சத்துக்கு எதிரான காப்பாக அம்மக்கள் அதைப் போற்றுகிறார்கள். கிழக்கே சோமாலி மக்களிடம் சோறும் ஒட்டகப் பாலும் முன்னிற்கும்.

சைவ உணவுக்காரர்கள் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு; அதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் ரொட்டியும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளியவர்களை அறிவேன். எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ எல்லாப் புதன்கிழமைகளிலும் வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்களிலும், வேறு சில விரத காலங்களிலும் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடுவதில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் பொதுமக்களுக்கே ஆண்டில் 180 நாட்கள் அளவுக்கு விரதம் வரும். எனவே அந்நாட்டுச் சமையலில் பருப்பும் கீரையும் கோசும் கொண்ட பதார்த்தங்கள் செழித்து வளர்ந்திருக்கின்றன. உணவகத்தில் சைவம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, விரத உணவு என்னும் பொருளில் யெத்சோம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். பெயாய்னெத்து என்று கேட்டால், ஒரே இஞ்செராவின் மீது மிசிர் பருப்புக் குழம்பு, மஞ்சள் நிறப் பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோசு, பீட்ரூட் என்று வண்ணம் வண்ணமாகப் பரிமாறுவார்கள்.

இங்கும் கவனம் தேவை. ஷிரோ என்பது கடலைமாவுக் குழம்பு என்று கேள்விப்பட்டு எந்த நாளிலும் துணிந்து உண்ணலாம் என்று கருதக்கூடாது. விரதமில்லாத நாட்களில் கிபே என்னும் மசாலா நெய் அதில் சேரலாம். அது நமக்குச் சிக்கலில்லை. ஆனால் பொசெனா ஷிரோ என்று வந்தால் அதில் இறைச்சித் துண்டுகள் இருக்கும். மீனை விரதத்தில் உண்ணலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே இருவேறு கருத்து உண்டு. ஆகையால் விரத உணவுப் பட்டியலிலும் மீன் இடம்பெறக்கூடும். மீன் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

அசைவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: கித்ஃபோ என்பது கொத்திய மாட்டிறைச்சியைப் பச்சையாகவே மிளகாய்ப்பொடியும் கிபேயும் கலந்து தருவது. பழக்கமில்லாதவர்கள் நன்றாக வேகவைத்துத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இலேசாகச் சூடு காட்டியதற்கு லெப்லெப் என்று பெயர், அதை முழுதாக வெந்தது என்று கொள்ளக்கூடாது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தத்தம் சமயத்தார் அறுத்த இறைச்சியை மட்டுமே உண்பது அங்கு வழக்கம். விருந்தாளியாக இறைச்சி வாங்கிச் செல்ல நினைப்பவர்கள் இதை மறந்தால் வீட்டார் தர்மசங்கடப்படுவார்கள்.

கையால் உண்பது நமக்குப் புதிதல்லவே என்ற துணிச்சலில்தான் தமிழர்கள் அடுத்த தவறைச் செய்கிறோம். சோற்றைப் பிசைவதுபோல இஞ்செராவையும் குழம்பையும் சேர்த்துப் பிசைவது அங்கே அழகல்ல. வலக்கையால் ஒரு துண்டு கிள்ளி, அதைக்கொண்டே குழம்பைக் கவ்வி எடுக்க வேண்டும். விரல்நுனியில்கூடக் குழம்பு ஒட்டாமல் உண்பவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பொதுத்தட்டில் நம் முன்னால் உள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுப்பதும், விரலை நக்காதிருப்பதும் முக்கியம். குழம்பு ஊறிக் கிடக்கும் அடி இஞ்செராவை மீதி வைத்துவிட்டு எழுவது பெரிய இழப்பு, சுவையெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும்.

எச்சில் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு மிகக் கடினமானது குர்ஷா. நான் குடியிருந்த வீட்டு அம்மா, முதல் விருந்தில் இஞ்செராவை உருட்டிச் சுருட்டி, கோழிக்குழம்பில் நனைத்து, என் வாயருகே நீட்டினார். நான் கையில் வாங்கிக்கொள்ள முயன்றேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தலையசைத்து, மீண்டும் வாயருகேயே கொண்டுவந்தார். அன்புக்கும் மரியாதைக்கும் அடையாளமாக ஊட்டப்படும் கவளம் அது; தட்டில் வைக்கச் சொல்வதும் முகத்தைத் திருப்புவதும் ஊட்டுபவரின் மனத்தைப் புண்படுத்தும். ஒன்றோடு நிறுத்தாமல் இன்னொன்றும் ஊட்டுவார்கள் என்பதால், வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு அமர்வது நல்லது.

நேரத்தையும் பெயரையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியர் நாளை விடியலிலிருந்து கணக்கிடுகிறார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர்களுக்கு இது எளிதில் விளங்கியிருக்கும். ஞாயிறு 7 மணிக்கு வாருங்கள் என்றால் அது மதியம் 1 மணி விருந்தாக இருக்கலாம். எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வதில் யாரும் குறை காணமாட்டார்கள். இரண்டாவதாக வரும் பெயர் குடும்பப்பெயர் அல்ல, தந்தையின் பெயர். நம் முன்னெழுத்தைப் போன்றது அது. ஆகவே வீட்டுக்காரரை அவருடைய சொந்தப் பெயரோடு ஆத்தோ என்ற மரியாதைச் சொல்லை முன்சேர்த்து அழைக்க வேண்டும்.

உணவு முடிந்ததும் விடைபெற்றுக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் கடைசித் தவறு. அராபிகா காப்பி பிறந்த மண் அது. விளையும் காப்பியில் ஏறத்தாழப் பாதியை அம்மக்களே குடிக்கிறார்கள். தரையில் பச்சைப்புல் பரப்பி, சாம்பிராணி புகைய, வீட்டுப் பெண்மணி பச்சைக் கொட்டையைக் கழுவிக் கண்ணெதிரே வறுக்கிறார். புகையும் வாணலியை ஒவ்வொருவர் அருகிலும் கொண்டுவரும்போது, கையால் புகையைத் தன் பக்கம் விசிறி முகர்ந்து பாராட்டுவது விருந்தாளியின் கடமை. அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது அவமதிப்பாகவே படும். இடித்த தூளை ஜெபெனா என்னும் மண்குடுவையில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெகா. அதே தூளில் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுவதால் சுற்றுக்குச் சுற்று காப்பி இலேசாகிக்கொண்டே வரும். புதுத்தூள் போடச் சொல்வதோ, பால் கேட்பதோ கூடாது. மூன்றாம் கிண்ணத்தில் காப்பியின் நிறம் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆனால் பெரெகா என்றால் ஆசி என்று பொருள், அந்தக் கிண்ணம் கைக்கு வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.