அரசியல் தத்துவம் படிக்கும்போது எல்லாரும் பண்ற தப்புகள், நானும் பண்ணது

முதல் வருஷம் நான் எழுதின ஒரு எஸ்ஸே திருத்தி வந்தப்போ ஒரு வரி பக்கத்துல பென்சில்ல ஒரே ஒரு கேள்வி இருந்துச்சு, "இதை ஹாப்ஸ் எங்க சொல்றார்?" நான் எழுதியிருந்தது, மனுஷன் பிறவியிலேயே கெட்டவன், அதனாலதான் அரசு வேணும்னு 17ம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் சொல்றார்னு. எல்லா நோட்ஸ்லயும் அப்படித்தான் இருந்துச்சு, நானும் யோசிக்காம எழுதிட்டேன். அன்னிக்கு ராத்திரி அவரோட லெவியாத்தன் (1651) புத்தகத்துல 13வது அத்தியாயத்தை எடுத்து வச்சு வரி வரியா தேடினா அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, நேர் எதிரா ஒண்ணு இருக்கு. வீட்டுல தூங்கப் போகும்போது கதவைப் பூட்டுறீங்க, உள்ளயே இருக்கிறவங்களை நினைச்சு பெட்டியையும் பூட்டுறீங்க, அப்போ நான் வார்த்தையில சொல்றதை நீங்க செயல்ல சொல்றீங்கன்னு கேட்டுட்டு, ஆனா இதுல நாம ரெண்டு பேருமே மனுஷ சுபாவத்தைக் குத்தம் சொல்லல, ஆசைகள் தன்னளவுல பாவம் கிடையாதுன்னு சொல்றார்.

இது ஏதோ சின்ன வித்தியாசம்னு நினைச்சுடாதீங்க. சண்டைக்கு அவர் மூணு காரணம் சொல்றார்: போட்டி, அவநம்பிக்கை, பெருமை. ரெண்டாவதுல கொஞ்சம் நில்லுங்க. இருக்கிறது போதும்னு அமைதியா வாழ நினைக்கிற ஆள் கூட, எதிர்ல இருக்கிறவன் என்ன பண்ணுவான்னு தெரியாததால முந்திக்க வேண்டியிருக்கு. யாரும் கெட்டவங்களா இருக்கவேண்டிய அவசியமே இல்ல, ஒருத்தர் மேல ஒருத்தருக்கு உத்தரவாதம் இல்லங்கிறதே போதும். "மனுஷன் கெட்டவன்"னு எழுதிட்டா இந்த வாதம் மொத்தமா காணாம போயிடுது.

ஆக முதல் தப்பு, முடிவை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வாதத்தை விட்டுடறது. மத்த தப்புகள்ல பாதி இதோட பிள்ளைங்கதான்.

அடுத்தது, பேர்போன ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்கிறது. 18ம் நூற்றாண்டு தத்துவவாதி ரூசோவோட சமூக ஒப்பந்தம் (1762) புத்தகம், மனுஷன் சுதந்திரமா பிறக்கிறான், எங்க பார்த்தாலும் சங்கிலியில இருக்கான்னு ஆரம்பிக்கும். இதைப் படிச்ச உடனே, ஓ சங்கிலியை உடைக்கச் சொல்றார்னு முடிவு பண்ணிடறாங்க. அதே பத்தியில ரெண்டு வரி கீழ போங்க. இந்த மாற்றம் எப்படி வந்துச்சு, எனக்குத் தெரியாது. எது இதை நியாயமாக்கும், அதுக்கு பதில் சொல்ல முடியும்னு நினைக்கிறேன்ங்கிறார். அவரோட கேள்வியே எந்த மாதிரி கட்டுப்பாடு நியாயமானதுங்கிறதுதான், அந்தப் புத்தகம் முழுக்க அதுக்கான பதில்தான். அடுத்த ரெண்டு வரி படிக்காததால ஒரு முழு புத்தகத்தோட திசையே மாறிப்போகுது பாருங்க.

லேபிள் ஒட்டுற பழக்கம் இன்னொண்ணு. லிபரல் ஒரு டப்பா, கன்சர்வேடிவ் ஒரு டப்பா, சோஷலிஸ்ட் ஒரு டப்பான்னு போட்டுட்டு ஆளுங்களை உள்ள தள்றது. 18ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர் எட்மண்ட் பர்க்கை எடுத்துக்கோங்க, பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790ல எழுதினார், அதனால பழமைவாதத்தோட தந்தைன்னு பேரு. ஆனா அவர் மன்னரோட அதிகாரத்தைக் கட்டுப்படுத்த நினைச்ச விக் கட்சிக்காரர், 1775ல அமெரிக்க காலனிகளோட சமாதானமா போங்கன்னு பார்லிமென்ட்ல பேசினவர், இந்தியாவுல கம்பெனி ஆட்சி பண்ண கொடுமைக்காக வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல வழக்கு நடத்தினவர். டப்பாவுக்குள்ள இதெல்லாம் அடங்காது. 17ம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கை லிபரல்னு சொல்றதும் அப்படித்தான், அந்த வார்த்தை அரசியல் கொள்கைக்குப் பேரா வந்ததே 19ம் நூற்றாண்டுல. லேபிளே வேணாம்னு சொல்லல, பரீட்சைக்கு தேவைப்படும், ஆனா அது பின்னாடி வந்தவங்க ஒட்டினதுன்னு ஞாபகம் இருக்கட்டும்.

வரலாறு விஷயத்துல ரெண்டு பக்கமும் சறுக்குறாங்க. சிலர் வருஷமே பார்க்க மாட்டாங்க. அரசைப் பத்தி லாக் எழுதின ரெண்டு ட்ரீட்டிஸ் (ஆய்வு நூல்கள்) வெளியானது 1689ல, அதனால இங்கிலாந்து மன்னர் ரெண்டாம் ஜேம்ஸை நீக்கின 1688 புரட்சி நடந்து முடிஞ்சப்புறம் அதை நியாயப்படுத்த எழுதினார்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் ஆராய்ஞ்சு பார்த்து பெரும்பகுதி அதுக்குப் பல வருஷம் முன்னாடியே எழுதப்பட்டதுன்னு காட்டினார். அதாவது மன்னரை எதிர்க்கிறது உயிருக்கே ஆபத்தா இருந்த காலத்துல எழுதினது. பேரு போடாமத்தான் வெளியிட்டார், தன்னோடதுன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டது கடைசியில உயில்லதான். இது தெரிஞ்சா எதிர்க்கிற உரிமை பத்தின பகுதியோட சூடு வேற மாதிரி தெரியும். இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் போய், அவர் அந்த வர்க்கத்து ஆளு அதனால அப்படி எழுதினார்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. ஏன் எழுதினார்ங்கிறது வேற, எழுதினது சரியாங்கிறது வேற.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ்கிட்ட வந்தா, A Theory of Justice (1971) புத்தகத்தோட தடிமனைப் பார்த்தே பயந்து சுருக்கம் தேடுவாங்க. முழுசும் ஒரேயடியா படிக்க வேணாம், பிரிவு 3, 4, 11, 13, 24 இந்த அஞ்சை மட்டும் மெதுவா ரெண்டு தடவை படிங்க. சுருக்கம் மட்டும் படிச்சவங்க எல்லாரும் ஒரே இடத்துல விழறாங்க: எல்லாருக்கும் சமமா பங்கு போடச் சொல்றார்னு. இல்லைங்க, ஏற்றத்தாழ்வு அடிமட்டத்துல இருக்கிறவங்களுக்கு நல்லது பண்ணுச்சுன்னா அனுமதிக்கிறார், அதுக்கும் மேல அடிப்படை சுதந்திரங்கள் முதல்ல, பணத்துக்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது. தனிமனுஷ உரிமைகளையும் சின்ன அரசையும் ஆதரிச்ச ராபர்ட் நோஸிக் 1974ல எதிர்த்து எழுதினதைப் படிக்கும்போதும் அதே கவனம் வேணும், சுயநலக்காரர்னு தள்ளிட்டா அவர் கேட்கிற கேள்விக்கு பதிலே சொல்லாம போயிடுவீங்க.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிற தப்பு இது. பெண் உரிமைகளைப் பத்தி எழுதின வோல்ஸ்டன்கிராஃப்ட் (1792), சமூக ஒப்பந்தக் கோட்பாட்டைப் பெண்கள் பக்கத்துல இருந்து விமர்சிச்ச கரோல் பேட்மேன் (1988), இனப் பாகுபாட்டுப் பக்கத்துல இருந்து விமர்சிச்ச சார்லஸ் மில்ஸ் (1997) இவங்களையெல்லாம் கடைசி வார எக்ஸ்ட்ராவா தள்ளி விடறது. ரெண்டாவது ட்ரீட்டிஸ்ல பத்தி 82 எடுத்துப் பாருங்க. எல்லாரும் சமம்னு ஆரம்பிச்ச அதே லாக், புருஷன் பொண்டாட்டிக்குள்ள கருத்து வேறுபட்டா கடைசி முடிவு இயல்பாவே ஆணுக்குத்தான், அவன்தான் திறமையும் பலமும் உள்ளவன்னு எழுதியிருக்கார். பேட்மேன் கேட்கிறது இங்கதான் உரைக்கும், அரசை உருவாக்க எல்லாரும் சேர்ந்து போட்டதா சொல்ற ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட அந்த "எல்லாரும்" யாரு? இது பின்குறிப்பு கிடையாது, மூலத்தைச் சரியா படிக்கிறதோட பகுதி.

எப்படி படிக்கிறதுன்னு கேட்டா, ஹாப்ஸ் 13வது அத்தியாயத்தையும் லாக்கோட ரெண்டாவது ட்ரீட்டிஸ் 2வது, 3வது அத்தியாயங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆரம்பிங்க. ஒவ்வொண்ணையும் படிச்சதும் மூடி வச்சுட்டு, வாதத்தை நாலு வரியில உங்க வார்த்தையில எழுதுங்க, திறந்து சரிபாருங்க, எங்க பிசகுச்சோ அங்க மறுபடி படிங்க. அரசு இல்லாத நிலைக்கு இயற்கை நிலைன்னு ரெண்டு பேரும் ஒரே பேரைத்தான் சொல்றாங்க, ஆனா ஹாப்ஸ்கிட்ட அது போர், லாக்கோ இயற்கை நிலை வேற போர் நிலை வேறன்னு 3வது அத்தியாயத்துல தெளிவா பிரிக்கிறார், அரசு இல்லாத இடத்துலயும் ஒரு சட்டம் இருக்குங்கிறார். அந்தச் சட்டத்தை யாரு நடைமுறைப்படுத்துவாங்கன்னு உங்களுக்கே கேள்வி வரும், லாக்கும் 2வது அத்தியாயத்துலயே அங்கதான் போறார்.