லீடரை லைனோடு சேர்க்கும் லூப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளை ஃபிஷிங்கில் மீன் அறுத்துக்கொண்டு போனால், ஃப்ளை (பூச்சி போன்ற செயற்கை இரை) கட்டிய முடிச்சைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். லீடர் என்பது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வரும் நைலான் இழை. அதன் தடித்த முனை லைனோடு சேருகிற லூப்பை (வளையத்தை) பலரும் பார்ப்பதே இல்லை.

அங்கே நடக்கும் முதல் தவறு, இரண்டு லூப்களையும் கோத்துவிட்டுச் சட்டென இழுப்பது. லைனின் லூப்பை லீடர் லூப்புக்குள் நுழைத்து, லீடரின் மெல்லிய நுனியை லைன் லூப்புக்குள் விட்டு முழுவதையும் இழுத்தெடுக்கிறோம். அதுவரை சரி. கவனிக்காமல் இறுக்கினால் ஒரு லூப் பின்னால் மடங்கி மற்றதன் கழுத்தை நெரிக்கும். கெட்டியான நைலான், லைனின் மென்மையான பிளாஸ்டிக் உறைக்குள் கத்திபோல இறங்கும். வீசும்போது அந்த இடம் கீல் மாதிரி மடங்கும். சரியாக அமர்ந்த இணைப்பு, இரண்டு கைகள் விரல் மடக்கிக் கோத்ததுபோல இரு பக்கமும் ஒன்றாகத் தெரியும். மெதுவாக இழுத்து, விரலால் ஒழுங்குபடுத்தி, கண்ணால் பார்த்த பிறகே இறுக்குங்கள். பத்து விநாடி வேலைதான்.

லீடரில் லூப் போட, மடித்து ஒரே ஒரு சாதாரண முடிச்சு போட்டால் போதாது. நான் பெர்ஃபெக்ஷன் லூப் என்ற முடிச்சைத்தான் சொல்வேன். அது லீடருக்கு நேர்கோட்டில் நிற்கும். டபுள் சர்ஜன்ஸ் லூப்பும் வலுவானது, ஆனால் சற்றே சாய்ந்து நிற்கலாம். எதுவானாலும் நனைத்துவிட்டு இறுக்குங்கள். உலர்ந்த நைலான் உரசிச் சூடானால் வலு குறைந்துவிடும். அப்புறம், லூப் சிறிதாக இருக்கட்டும். பெரிதானால் கோலின் நுனி கைடில் (லைன் ஓடும் வளையத்தில்) இடிக்கும்.

லைன் நுனியில் உருக்கி ஒட்டியே வரும் வெல்டட் லூப்பில் வெடிப்பு தெரிந்தால் அதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். உறை விரிசல் விட்டால் உள்ளிருக்கும் பின்னல் இழைக்குள் தண்ணீர் ஏறி, மிதக்கும் லைனின் நுனி அமிழத் தொடங்கும். அதை வெட்டிவிட்டு, நுனியை மடித்து, 8 முதல் 12 பவுண்டு வலுவுள்ள மோனோவால் (ஒற்றை நைலான் இழையால்) பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நெயில் நாட் (சுற்றி இறுக்கும் முடிச்சு) போடுங்கள். ஒன்றோடு நிறுத்துவது பெரிய தவறு. அது நழுவினால் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

பின்னல் லூப் (ஒரு முனையில் வளையமுள்ள, குழல்போன்ற பின்னல்) மாட்டுகிறவர்கள் லைன் நுனியை அந்தக் குழலின் அடிவரை தள்ள வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அங்கேயும் கீல்தான். பசை ஒரு துளி போதும், அதிகமானால் பின்னல் விறைத்துவிடும். மேலே போடும், சூட்டில் சுருங்கும் உறையை லைட்டர் தீயில் காட்டாதீர்கள், லைனின் உறையும் சேர்ந்து உருகும். கெட்டில் ஆவி போதும்.