மேயர் வேட்பாளரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு

சென்னையில் 2011ல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, மார்ச் 2 கவுன்சிலர்கள் பதவியேற்பு, மார்ச் 4 மேயர் தேர்தல். வென்ற கட்சி மேயர் வேட்பாளரின் பெயரைச் சொன்னதே மார்ச் 3ல்தான். அந்த ஒரே நாளில் யாரையும் பார்த்துப் பேச முடியாது. அதனால் இந்த முறை நீடிக்கும்வரை, 200 வார்டுகளில் உங்கள் வார்டில் நிற்பவர்களைத்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மேயர் பதவி எந்தப் பிரிவுக்கு ஒதுக்கீடு என்பது தேர்தலுக்கு முன்பே தெரிந்துவிடும். 2022ல் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவில் நிற்பவர்களைக் கவனித்தால், மேயராகக் கூடியவர்கள் யார் யார் என்று ஓரளவு கணிக்கலாம்.

போவதற்கு முன் பள்ளி யாருடையது என்று உறுதி செய்யுங்கள். பெரும்பாலான சந்திப்புகள் வீணாவது இங்கேதான். பலகையில் 'சென்னை நடுநிலைப் பள்ளி', 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று இருந்தால் மாநகராட்சிப் பள்ளி. 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்றால் பள்ளிக்கல்வித் துறை. அரசு உதவி பெறும் பள்ளியை ஒரு தனியார் நிர்வாகம் நடத்தும். 2011ல் நகரோடு சேர்ந்த அம்பத்தூர், மணலி, சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகளில் பல பள்ளிகள் பிற்பாடுதான் மாநகராட்சிக்கு வந்தன. அங்கே பலகையை நம்பாமல் தலைமை ஆசிரியரிடமே கேளுங்கள்.

மாநகராட்சிப் பள்ளி என்றாலும் எல்லாம் மேயர் கையில் இல்லை. பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் மாநில அரசுடையவை. கட்டடம், கழிப்பறை, குடிநீர், துப்புரவு, காவலாளி, சுற்றுச்சுவர் ஆகியவை மாநகராட்சியின் வேலை. கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தில் கல்விக்கென்று ஒரு நிலைக்குழு இருக்கிறது, பட்ஜெட்டும் மாமன்றத்துக்கு வருகிறது. நிர்வாக அதிகாரம் மாநகராட்சி ஆணையர் என்ற அதிகாரியிடம். மேயரால் தீர்மானம் கொண்டுவர முடியும், நிதி ஒதுக்கச் செய்ய முடியும், அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்க முடியும். உங்கள் கோரிக்கை இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். 'கல்வித் தரத்தை உயர்த்துங்கள்' என்று கேட்டால் தலையசைப்பு மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். உங்கள் பள்ளியில் எத்தனை பேர், எத்தனை ஆசிரியர், எத்தனை கழிப்பறையில் தண்ணீர் வருகிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரிடம் கேட்டு எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தேர்தல் தேதி அறிவித்த பிறகு போட்டால் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வாக்குச் சேகரிக்கத் தெருவில் வரும்போது மறித்துப் பேசாதீர்கள். மேளச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. தேர்தல் பணிமனைக்குப் போய், கட்சியின் வட்டச் செயலாளரிடம், வேட்பாளரோடு பேசப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். காலைச் சுற்றும் மாலைச் சுற்றும் போக, மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் ஆள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். பிரசாரம் முடியும் கடைசி மூன்று நாள் வேண்டவே வேண்டாம்.

ஐந்து பேருக்கு மேல் போக வேண்டாம். அதில் இருவராவது அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாக்களாக இருக்கட்டும். பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள், அவர்கள் படம் பிரசாரச் சுவரொட்டிக்குப் போய்விடும். ஆசிரியர்களையும் இழுக்காதீர்கள். அரசு ஊதியம் வாங்குகிறவர்கள், தேர்தல் பணியிலும் இருப்பார்கள். சந்திப்பைப் பள்ளி வளாகத்தில் வைக்கவும் கூடாது. பெண் வேட்பாளருக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் கணவரோ அண்ணனோ பேச ஆரம்பித்தால், 'அக்கா, நீங்க சொல்லுங்க' என்று அவரிடமே திரும்பிக் கேளுங்கள். மாமன்றத்தில் கை தூக்கப் போகிறவர் அவர்தான்.

ஒரே பக்கத்தில் மனு, இரண்டு பிரதி. மேலே பள்ளியின் பெயர், வார்டு எண், பள்ளியின் அடையாள எண்ணான பதினொரு இலக்க யூடைஸ் எண். கீழே இரண்டே கோரிக்கை. உதாரணமாக: 'பெண் பிள்ளைகள் கழிப்பறையில் ஆறில் நான்குக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை. முதல் பட்ஜெட்டில் இதற்கு நிதி கேட்பீர்களா? அதற்கு முன் வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து முடியுமா?' பத்துக் கோரிக்கை எழுதினால் எளிதானதைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

'ஆவன செய்கிறோம்' என்பார்கள். கோபப்படாமல், 'எந்த மாசத்துக்குள்ளங்க? எந்த நிதியிலேருந்து?' என்று கேளுங்கள். சொன்னதை அங்கேயே இரண்டு பிரதியிலும் எழுதி, அவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், மறுத்ததையே தேதி போட்டு எழுதி வையுங்கள். எதிர்த்து நிற்பவரிடமும் இதே தாளைக் கொடுங்கள். ஒரு கட்சிக்காரர்கள் என்ற பேச்சு வராது.

முடிவு வந்ததும், வென்றவர் யாராக இருந்தாலும், பதவியேற்ற வாரத்திலேயே அவரிடம் அந்தத் தாளின் நகலைக் கொடுங்கள். மேயராக வருபவருக்கு மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை முகவரிக்கு ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2022ல் மேயர் தேர்தலுக்கும் பட்ஜெட்டுக்கும் இடையே ஐந்து வாரம்தான் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. முதல் கூட்டத்துக்கே கவுன்சிலரை அழைத்து, அந்தக் கழிப்பறைக் குழாயை அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.